மழைக்கு ஓர் இடம்

சிரம்பானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு தாளை எடுத்து, அளவுகோலால் கோடிழுத்துக் கட்டங்கள் வரைவார். வரவிருக்கும் மாதத்திற்கு எத்தனை நாள்களோ அத்தனை கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அன்றிரவு வீட்டில் என்ன உணவு என்பதைப் பென்சிலால் எழுதுவார். திங்கள் சப்பாத்தியும் பருப்பும்; செவ்வாய் மீன்குழம்பு; புதன் முட்டைப் பொரியலும் இரசமும்; வெள்ளி மரக்கறி. வாங்க வேண்டிய பொருளும் அளவும் கட்டத்தின் மூலையில் சிறிய எழுத்தில் இடம்பெறும். பாடத்திட்டம் எழுதிப் பழகிய கை அன்றோ? கணவரும் வேலைக்குச் செல்பவர். பிள்ளைகள் இருவருக்கும் மாலையில் மேல்வகுப்பு. 'இன்று என்ன சமைப்பது?' என்ற கேள்வி மாலை ஆறு மணிக்குக் களைத்த உடம்பின் முன் வந்து நிற்கக்கூடாது என்பதற்காகவே இத்தனை ஏற்பாடும். தாள் நிறைந்ததும் அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்த வில்லையால் ஒட்டப்படும்.

அவருடைய தாயார் ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். 1960-களின் நடுவில் கத்தியைக் கையிலெடுத்து, 1990-களின் இறுதியில் கீழே வைத்தவர். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மகள் வீட்டிற்கு வந்து தங்கிய புதிதில் அவர் அந்தத் தாளின் முன் நின்று, எழுத்துக் கூட்டி முதற்கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை படித்தார். படித்து முடித்தபின் ஒன்று கேட்டார்.

"எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மழைக்கு எங்கே இடம்?"

மகள் சிரித்துவிட்டார். மழை பெய்தால் அடுப்பு எரியாதா என்று கேட்டார். தாயார் மறுமொழி ஏதும் கூறாமல் சாய்வு நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கேள்வி வேடிக்கைக்காகக் கேட்கப்பட்டதன்று என்பது மகளுக்குச் சற்று நேரங்கழித்தே உறைத்தது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கே அது மறந்துபோயிருந்தது.

லிங்கி, சிலியாவ், லாபு, பகாவ் என நெகிரி செம்பிலானின் எந்த ரப்பர்த் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும் நிலைமை ஒன்றே. பால்வெட்டு விடியலுக்கு முன்பே தொடங்கும். பட்டை உலர்ந்திருந்தால்தான் வெட்டிய கோட்டின் வழியே பால் ஒழுங்காக இறங்கி மங்கில் சேரும். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டைவிட்டு மரமெங்கும் வழிந்து வீணாகும். வெட்டி முடித்தபின் மழை வந்தாலோ மங்கில் நீர் நிறைந்து பால் கெட்டுவிடும். ஆதலின் மழை பெய்த காலையில் பிரட்டுக்குச் சென்றவர்கள் வெறுங்கையோடு லயத்திற்குத் திரும்புவர். அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைக்குக் கூலியும் இல்லை. மாதத்தில் முப்பது இரவும் பிள்ளைகளுக்குப் பசிக்கும். கூலி விழும் நாள்களோ இருபதா, இருபத்திரண்டா என்பதை வானமே முடிவு செய்தது.

அந்த வானத்திற்கு இரக்கமும் குறைவு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை வலுக்கும். தீபாவளி வருவதும் அப்போதுதான். ஆண்டின் பெருஞ்செலவும் கூலி குறைந்த நாள்களும் ஒரே மாதத்தில் வந்து முட்டிக்கொள்ளும். சனவரியில் பள்ளி திறக்கும். சீருடை, காலணி, புத்தகப்பை என்று கை நீளும். அதே மாதத்தில் பொங்கலும் வரும். அதையடுத்து மரங்கள் இலையுதிர்க்கும் பருவம் வந்தால் பால் சுருங்கும். ஆண்டு முழுவதையும் மனத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எந்த மாதத்திலிருந்து எடுத்து எந்த மாதத்தின் ஓட்டையை அடைப்பது எனத் தோட்டத்துப் பெண் கணக்கிட்டாள். தாளும் பென்சிலும் அவளிடம் இல்லை என்பதால் திட்டமும் இல்லை என எண்ணிவிடலாகாது.

அவள் திட்டமிட்டது பெரும்பாலும் இரவு உணவைத்தான். அதற்கும் காரணம் உண்டு. காலையில் இருட்டோடு எழுந்து வரக்கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புபவள், பாலை எடுத்து நிறுவையில் கொடுத்துவிட்டு வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். பகலுணவு முந்திய இரவின் மிச்சமாகவே இருக்கும். குடும்பத்தார் அனைவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே விளக்கைச் சுற்றி உட்கார்ந்து உண்பது இரவில் மட்டுமே. பிள்ளைகளின் நினைவில் 'அம்மா சமையல்' என நிலைத்திருப்பதும் அந்த ஒருவேளைச் சோறுதான்.

சம்பளம் போட்ட வாரத்தில் கோழியோ ஆட்டிறைச்சியோ மணக்கும். லயம் முழுவதும் ஒரே நாளில் மசாலை அரைக்கும் ஓசை கேட்கும். யார் வீட்டில் எந்தக் கறி என்பதை நடந்துபோகும் ஒருவர் மூக்காலேயே அறிந்துவிடலாம். இரண்டாம் வாரம் மீன். வண்டியில் மீன் கொண்டுவருபவர் ஒலியெழுப்பியதும் பெண்கள் தட்டோடு ஓடுவர். மூன்றாம் வாரத்தில் கருவாடும் நெத்திலியும் முட்டையும் வரும். ஒரு முட்டையை வெங்காயம் சேர்த்து அடித்து, தோசைபோல் விரித்து, நான்காக வெட்டும் வித்தை அந்த வாரத்திற்கு உரியது. நான்காம் வாரத்தில் கடையை நம்பாத உணவு: வீட்டின் பின்புறத்து முருங்கை, மரவள்ளிக் கொழுந்து, வாய்க்கால் ஓரத்துக் கங்கோங் கீரை, கொஞ்சம் பருப்பு, நிறைய இரசம். மாதத்தின் கடைசி இரண்டு மூன்று இரவுகளில் கஞ்சியும் துவையலும்.

இதில் சமயமும் துணைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை, அமாவாசை, புரட்டாசிச் சனி என விரத நாள்கள் உண்டு. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு மீனை விட்டுவிடும் பெண்களின் தொகை மாதத்தின் முதல் வாரத்தைக் காட்டிலும் கடைசி வாரத்தில் கூடியே இருக்கும். அதைப் பக்திக் குறைவு எனக் கொள்வது பிழை. கையில் இல்லாததை 'இல்லை' என்று பிள்ளையிடம் சொல்வதைவிட 'இன்று விரதம்' என்று சொல்வதில் ஒரு மானம் இருந்தது. அம்மனும் அதை அறிந்தே ஏற்றுக்கொண்டிருப்பாள்.

மழைக்கும் ஓர் இடம் இருந்தது. அந்தத் தாயார் தம் மனக்கணக்கில் மாதத்திற்கு ஐந்து இரவுகளை வெறுமையாக விட்டிருப்பார். அந்த இரவுகளுக்கு எதையும் வாங்குவதில்லை. மழை பெய்து வெட்டு நின்ற நாளில் தூறல் ஓய்ந்ததும் பிளாஸ்டிக் பையோடு ரப்பர்க் காட்டுக்குள் இறங்குவார். ஈரம் கண்ட மண்ணில் காளான் முளைத்திருக்கும்; ஓடைக்கரையில் பாக்கு என்னும் பெரணிக்கீரை தளிர்விட்டிருக்கும். கூலியைப் பறித்த மழையே அன்றிரவுக் குழம்பையும் கொடுத்துப் போகும். மழை குறைந்த மாதத்தில் அந்த ஐந்து இரவுகளும் இலாபம். அந்த இலாபம் அடுத்த மழை மாதத்திற்குப் போகும்.

இத்தகைய திட்டம் எங்கும் எழுதப்படவில்லையா என்றால், ஓரிடத்தில் எழுதப்பட்டது. அது தோட்டத்துக் கடையின் கடன் புத்தகம். உள்ளங்கையில் அடங்கும் அளவில், அட்டையில் '555' என்னும் எண் பொறித்த அந்தக் குறிப்புப் புத்தகத்தை மலேசியாவில் அறியாதார் இலர். அரிசி, பருப்பு, தேங்காயெண்ணெய், மிளகாய், புளி, கருவாடு என நாளும் விலையுமாக அதில் ஏறிக்கொண்டே போகும். ஒரு குடும்பம் ஒரு மாதத்தில் உண்டது என்ன என்பதை இன்று ஆராய விரும்புவோர்க்கு அதைவிட உண்மையான ஆவணம் கிடைக்காது. ஆனால் அது உணவு உண்ணப்பட்டபின் எழுதப்பட்ட பட்டியல். அதன் கடைசி வரி ஒரு கடன்தொகை. சம்பள நாளன்று அந்தத் தொகையைத் தீர்த்த பின்னரே அடுத்த மாதத்தின் முதல் படி அரிசி வெளியே வரும்.

கடனுக்கு வாங்குபவர் விலை பேச முடியாது. சிரம்பான் சந்தையில் அதே பருப்பு மலிவாகக் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். சந்தைக்குப் போகக் கையில் காசு வேண்டும். ஆகவே தேர்ந்த இல்லத்தரசியின் திறமை, கடனைத் தீர்த்தபின் ஒரு சிறு தொகையைக் கடைக்காரர் கண்ணிலும் கணவர் கண்ணிலும் படாமல் ஒதுக்கிவைப்பதில் இருந்தது. கள்ளுக்கடை அருகிலேயே இருந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அந்த ஒதுக்கீடே மீன்காரருக்கான காசு.

ஒரு தொழிலாளியின் மாத உணவைத் தாளில் எழுதிக் கணக்கிட்டோர் வேறு சிலரும் உண்டு. மலாயாவின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்க்கு உரிய கூலியை 1920-களில் ஆங்கில அரசாங்கம் வரையறுத்தபோது, அவர்களுக்கு ஒரு மாதத்திற்குத் தேவைப்படும் அரிசி முதலிய பொருள்களின் செலவை ஒரு மாதிரிப் பட்டியலாகத் தொகுத்து, அதை அடிப்படையாகக் கொண்டது. போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என முடிவாயிற்று. 1930-ஆம் ஆண்டுப் பொருளியல் நெருக்கடியில் அவை 40, 32 எனக் குறைந்தன. இந்திய அரசாங்கத்தின் சார்பில் சீனிவாச சாஸ்திரி 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டு, பழைய கூலியை மீண்டும் வழங்கவேண்டும் எனப் பரிந்துரைத்தார். கூலித் தகராறு முற்றி, 1938-இல் உதவி பெற்றுக் குடியேறும் தொழிலாளர் வருகையை இந்தியா நிறுத்தியது.

கூலியின் ஏற்ற இறக்கம் ஒருபுறம் இருக்கட்டும். 50-க்கு 40 என்னும் விகிதத்தைச் சற்று உற்றுநோக்குக. அந்தக் கணக்கின்படி ஒரு பெண் ஐந்தில் நான்கு பங்கு ஆள். அடுப்பின் முன் நின்று ஐந்து பேர்க்குச் சோறாக்குபவளைத் தாள் இவ்வாறு எண்ணியது. இங்கிலாந்திலும் சீபோம் ரவுன்ட்ரி என்பார் யார்க் நகரத்து ஏழைகளை ஆராய்ந்து, 1901-இல் வெளியிட்ட நூலில், ஒரு குடும்பம் உடல்வலிமை குன்றாதிருக்கத் தேவையான மிகக் குறைந்த உணவையும் அதன் விலையையும் கணக்கிட்டார். ஆனால் அந்த அளவோடு வாழும் குடும்பம் ஒருநாளும் வண்டியேறக்கூடாது, ஒரு தபால்தலை வாங்கக்கூடாது, கோயிலுக்கு ஒரு காசு போடக்கூடாது என்று அவரே விளக்கினார். அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

திட்டமிடுவதற்கு ஏதேனும் கையில் இருந்தாக வேண்டும் அன்றோ? 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் காலத்தில் அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. ஆண்கள் பலர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். எஞ்சியவர்க்கு முப்பது இரவும் ஒரே உணவு. அங்குப் பட்டியலுக்கு வேலையில்லை. பின்னர் 1948-இல் அவசரகாலம் வந்தது. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு செல்லாதிருக்க அரிசிக்குப் பங்கீடும் கட்டுப்பாடும் விதித்தனர். நாட்டின் சில வட்டாரங்களில் வீட்டில் அரிசி வைத்திருப்பதையே தடுத்து, பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிய சோற்றை அளந்து கொடுத்தனர். சோறு விரைவில் கெட்டுவிடும். காட்டுக்குள் கடத்த இயலாது என்பதே காரணம். ஒரு தாயின் கையிலிருந்து அரிசிப்பானையை எடுத்துவிட்டுச் சோற்றை மட்டும் கொடுத்தால் அவளிடம் எஞ்சுவது என்ன? நாளைக்கு என்று ஒரு பிடி எடுத்துவைக்கும் உரிமை அவளிடம் இல்லாமற்போயிற்று.

அந்த ஒரு பிடியைப் பற்றியும் கூறவேண்டும். பிடியரிசி என்பது இதுதான்: இரவுச் சோற்றுக்கு அரிசியை அளந்து முறத்தில் கொட்டியபின், அதிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்துத் தனித் தகரத்தில் போடுவது. உண்பவர்க்கு அந்தக் குறை தெரியாது. இருபத்தைந்து நாள்களில் அது இரண்டு இரவுக்கான அரிசியாகிவிடும். கடைசி வாரத்தைத் தாங்கிய தூண் அதுவே.

அதுவும் தீர்ந்தால் அடுத்த வீடு. பால் டின்னால் அளந்து அரிசி வாங்குவதும், சம்பளத்திற்குப் பின் அதே டின்னால் அதே அளவு திருப்பிக் கொடுப்பதும் லயத்து வழக்கம். இதற்கு வட்டியில்லை, 555 புத்தகமும் இல்லை. தமிழில் இதற்கு 'குறியெதிர்ப்பை' என்றொரு பழஞ்சொல் உண்டு, குறளில் வருகிறது, புறநானூற்றிலும் வருகிறது. குமணனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பெருஞ்சித்திரனார், தம் மனைவியிடம், குறியெதிர்ப்பை தந்தவர்க்கும் மற்றெல்லார்க்கும் கொடு, என்னைக் கேளாதே, வைத்திருந்து நன்றாக வாழலாம் என்றும் எண்ணாதே என்று கூறுகின்றார். வகுப்பில் இப்பாடலை நடத்தும் ஆசிரியர்கள் புலவரின் வள்ளன்மையை விரித்துரைப்பர், அது தகும். ஆனால் புலவர்க்கு அவ்வாறு சொல்வது எளிது. அடுத்த மாதத்து உலையை ஏற்ற வேண்டியவர் அவருடைய மனைவியார். அந்த அம்மையார் என்ன மறுமொழி கூறினார் என்பதைப் பாட்டு நமக்குச் சொல்லவில்லை.

ரந்தாவ்த் தோட்டத்துத் தாயாரின் திட்டத்தில் ஒரு குறை இருந்தது. அதை மகள் அறிந்தது வெகுகாலம் கழித்தே. சிறுவயதில் அவர் கண்டதெல்லாம் அம்மா எப்போதும் கடைசியில் உண்பதைத்தான். மீன் வாங்கிய நாளில் அப்பாவுக்கு நடுத்துண்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று, அம்மாவின் தட்டில் வாலோ தலையோ, அதுவும் இல்லையெனில் சட்டியில் ஒட்டிய குழம்பு. "எனக்கு வால்தான் பிடிக்கும், அதில்தான் ருசி" என்பார். பிள்ளைகள் அதை நம்பினர். மீன் வாலில் அப்படி என்ன ருசி என்று ஒருநாள் அடம்பிடித்துக் கேட்டு வாங்கித் தின்று பார்த்து, முள்ளைத் துப்பியவரும் இந்த மகள்தான். அப்போதும் அவருக்கு ஐயம் எழவில்லை.

நாட்கூலி என்னும் ஏற்பாட்டை எதிர்த்துக் குரல் எழாமல் இல்லை. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பி. பி. நாராயணன் முதலானோர் தலைமையில் கூலி உயர்வுக்காகப் பேசியது. மழைக்கும் ரப்பர் விலைக்கும் அசையாத மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுகள் ஒலித்தது. நாடு முழுமைக்குமான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்து, தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி என நிர்ணயித்தபோது, அந்தத் தாயார் கத்தியைக் கீழே வைத்துப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்திருந்தது. நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் தோட்டநிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயமும் பின்புறத்து முருங்கையும் ஒன்றாகவே போயின.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, மகள் அழிப்பானோடு மீண்டும் பட்டியலின் முன் நின்றார். ஐந்து கட்டங்களில் எழுதியிருந்ததை அழித்து வெறுமையாக விட்டார். மழைக்காக இல்லாவிடினும், பள்ளியில் கூட்டம் நீண்டுவிட்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், விருந்தினர் வந்தால் அந்த இடம் வேண்டும் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. மீந்த உணவைத் தீர்க்கவும் ஓரிரவு ஆகும். முடித்ததும் தாயாரை அழைத்துக் காட்டினார்.

தாயார் வெறுங்கட்டங்களைப் பார்த்துத் தலையசைத்தார். பின்னர் அவர் விரல் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தின் மூலைக்கு நகர்ந்து அங்கேயே நின்றது. 'மீன் 4 துண்டு' என்றிருந்தது.

"இந்த வீட்டில் எத்தனை பேர்?"

மகள் விரல்விட்டு எண்ணினார். கணவர், இரு பிள்ளைகள், அம்மா. நான்கு என்று சொல்ல வாயெடுத்தவர் நின்றுவிட்டார். மாதப் பட்டியலின் செவ்வாய்க்கிழமைகள் அனைத்திலும் நான்கு துண்டுகளே இருந்தன. கோழி வாங்கும் நாளிலும் அளவு நால்வருக்கே. சென்ற மாதத்துத் தாளும் அதற்கு முந்தியதும் மேசை அறையில்தான் கிடந்தன. அவற்றை எடுத்துப் பார்க்க அவர் முயலவில்லை.

"யாரிடம் கற்றுக்கொண்டாய் இதை?" என்றார் தாயார். குரலில் கடிதல் இருந்தது. அது மகள்மேல்தானா என்பது தெரியவில்லை.

மகள் பென்சிலை எடுத்து, 4 என்பதை அழித்து 5 என்று எழுதினார். மற்றச் செவ்வாய்க்கிழமைகளிலும் அவ்வாறே திருத்தினார். அடுத்த செவ்வாயன்று மீன்காரர் ஐந்து துண்டுகள் நறுக்கிக் கொடுத்தார். இரவில் அனைவரும் ஒன்றாக அமர்ந்தனர். மகள் பரிமாறக் கை நீட்டுமுன் தாயார் கரண்டியை வாங்கி, மகளின் தட்டில் நடுத்துண்டை வைத்துவிட்டு, வால் துண்டைத் தம் தட்டில் போட்டுக்கொண்டார்.